பிள்ளைக்குக் கேமிங் கம்ப்யூட்டர்: பணத்தை எந்தப் பாகத்தில் போடுவது?

‘கோர் ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 22 அங்குல மானிட்டர், வண்ண விளக்குகளுடன்.’ இணையக் கடைகளில் இந்த மாதிரி விளம்பரம் அடிக்கடி கண்ணில் படும். விலை இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் நச்சரித்துக்கொண்டிருக்கும். ஐ5-ஐவிட ஐ7 பெரிது, 8-ஐவிட 16 பெரிது என்பது பெற்றோருக்கும் தெரியும். இவ்வளவு மலிவாக வருகிறதே என்று பணத்தைக் கட்டிவிடத் தோன்றும்.

கட்டுவதற்கு முன் அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஐ7 என்பது இன்டெல் நிறுவனத்தின் பிராசசர் வரிசை ஒன்றின் பெயர். அது எந்த ஆண்டின் ஐ7 என்பதை விளம்பரம் சொல்வதில்லை. இந்த விலையில் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐ7-2600 அல்லது ஐ7-3770. முதலாவது 2011-இல் வந்தது, இரண்டாவது 2012-இல். அலுவலகங்கள் கழித்துப்போட்ட பெட்டிகளிலிருந்து கழற்றி எடுத்தவை. 2022-இல் வந்த ஐ3-12100 இவற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசராவது வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

அந்த ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ அநேகமாக என்விடியாவின் ஜிடி 730. 2014-இல் வந்த கார்டு. அதில் 4 ஜிபி நினைவகம் இருப்பது உண்மைதான். ஆனால் அது பழைய டிடிஆர்3 வகை. சில மாடல்களில் அந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 14.4 ஜிபி தகவல்தான் போய்வர முடியும். 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600 என்ற நடுத்தரக் கார்டில் இதே அளவு 224 ஜிபி. பந்தியில் இலையைப் பெரிதாகப் போட்டுவிட்டுப் பரிமாறுவதற்கு ஒரே ஒருவரை நிறுத்தினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே நடக்கிறது. இந்தக் கார்டின் குடும்பத்துக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், தருவதை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது.

ஆக, விளம்பரத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாங்குகிறவருக்கு எது முக்கியம் என்று தெரியாது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட உண்மைகள் அவை.

எது முக்கியம் என்று தெரிய வேண்டுமானால், கேம் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். திரைப்படம் என்பது ஏற்கெனவே எடுத்து வைத்த படங்களின் வரிசை. விநாடிக்கு 24 படம் ஓடினால் போதும், கண்ணுக்குக் குறை தெரியாது. கேமில் எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை. பிள்ளை மவுஸை நகர்த்தும் ஒவ்வொரு கணத்துக்கும் காட்சியைப் புதிதாக வரைய வேண்டும். இப்படி வரையப்படும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதைத்தான் ‘எஃப்பிஎஸ்’ என்கிறார்கள். 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 வேண்டுமென்றால் 7 மில்லி விநாடிகூடக் கிடையாது. திரைப்படத்துக்குப் போதுமான 24, கேமில் போதாமல் போவதற்குக் காரணம், இங்கே கண் மட்டுமல்ல, கையும் சேர்ந்திருக்கிறது. கை அசைந்து, திரை தாமதமாக அசைந்தால் உடனே தெரிந்துவிடும்.

அந்த 16.7 மில்லி விநாடிக்குள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, கதவு திறந்ததா மூடியதா என்று கணக்குப் போட்டு, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று பட்டியல் தருவது பிராசசர். பட்டியலை வாங்கி, புள்ளி புள்ளியாக நிறம் தீட்டுவது கார்டில் உள்ள கிராபிக்ஸ் சிப். சாதாரண ஃபுல் ஹெச்டி திரையில் 1920-க்கு 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். விநாடிக்கு 60 முறை அத்தனையையும் நிரப்ப வேண்டும். 4கே திரையென்றால் சரியாக நான்கு மடங்கு. பெரிய திரையில் பணத்தைப் போட்டுவிட்டுச் சின்னக் கார்டு வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இருவரில் யார் தாமதித்தாலும் படம் தாமதமாகும். பெரிய கேம்களில் பெரும்பாலும் தாமதிப்பது கிராபிக்ஸ் சிப்தான். அதனால் மானிட்டரைக் கழித்துவிட்டுப் பெட்டிக்கு மட்டும் ஒதுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்குக் கொஞ்சம் மேலோ கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு. பிராசசர் விலையைப் போல இரண்டு மடங்கு கார்டுக்குப் போனாலும் தவறில்லை. ஐ7 என்ற எழுத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் கார்டு வாங்குவதுதான் தலைகீழ்க் கணக்கு.

ஆனால் கார்டே தேவையா என்பது அதற்கும் முந்தைய கேள்வி. அதற்குப் பதில் கடைக்காரரிடம் இல்லை, பிள்ளையிடம் இருக்கிறது. என்ன கேம் விளையாடப் போகிறாய் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘எல்லாம்’ என்று பதில் வந்தால் விடாதீர்கள். தினமும் விளையாடும் மூன்று பெயர்களை எழுதித் தரச் சொல்லுங்கள். வேலரண்ட், மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் என்று பட்டியல் வந்தால் செலவு பாதியாகக் குறைய வாய்ப்பிருக்கிறது. வேலரண்ட் எளிய கம்ப்யூட்டர்களிலும் ஓட வேண்டும் என்றே செய்யப்பட்ட கேம். அதை வெளியிட்டபோது, 144 எஃப்பிஎஸ்ஸுக்கு அதைச் செய்த நிறுவனம் பரிந்துரைத்த கார்டு 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. சொல்லப்போனால், மேலே கேலி செய்த ஜிடி 730-கூட அந்த நிறுவனத்தின் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. ஆனால் விண்டோஸ் 11-இல் வேலரண்ட் திறக்க வேண்டுமென்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்க வேண்டும். பழைய ஐ7 பெட்டிகள் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

பட்டியலில் சைபர்பங்க் 2077 போன்ற பெயர் இருந்தால் கதை வேறு. அதற்குக் கார்டு வேண்டும், ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகமும் வேண்டும். 2023-இல் வந்த 2.0 புதுப்பிப்புக்குப் பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த கேமைச் செய்தவர்கள் ஆதரவு தருவதில்லை.

பிள்ளையிடம் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ‘கேம் லேக் ஆகிறது, புதுக் கம்ப்யூட்டர் வேண்டும்’ என்று சொன்னால், ஆடும்போது திரையின் ஓரத்தில் தெரியும் இரண்டு எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கேமின் செட்டிங்ஸில் அதைக் காட்டச் செய்யலாம். ஒன்று எஃப்பிஎஸ், மற்றொன்று பிங். பிங் என்பது வீட்டிலிருந்து கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம். வேலரண்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. எஃப்பிஎஸ் 90-இல் அசையாமல் நிற்க, பிங் மட்டும் 40-இலிருந்து 300-க்குத் தாவித் தாவி இறங்கினால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. ரூட்டர் கூடத்தில் இருக்கிறது, பிள்ளை மாடி அறையில் வைஃபையில் ஆடுகிறது. ஒரு நீளமான நெட்வொர்க் கேபிள் சில நூறு ரூபாய். அதை இழுத்துப் பார்த்துவிட்டு மேலே யோசியுங்கள். இதைச் சொல்லும் கடைக்காரரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். கேமின் ரெசல்யூஷனை, அதாவது வரையும் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் சட்டென்று ஏறினால் தடுத்து நிறுத்துவது கிராபிக்ஸ். அப்படியே நின்றால் பிராசசர். எதை மாற்ற வேண்டும் என்பது பைசா செலவில்லாமல் தெரிந்துவிடும்.

எளிய கேம்கள்தான் என்று முடிவானால், தனிக் கார்டு இல்லாமலே தொடங்கலாம். சில பிராசசர்களுக்குள்ளேயே ஓரளவு வலுவான கிராபிக்ஸ் இருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி 2021-இல் வந்தது, விலை குறைவு. அதைவிடத் தெம்பானது 2024-இல் வந்த ரைசன் 5 8600ஜி. ஆனால் அதற்கு டிடிஆர்5 ராமும் புதிய வகை மதர்போர்டும் (பாகங்களைப் பொருத்தும் பலகை) வேண்டும் என்பதால் மொத்தச் செலவு ஏறும். இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்: ராம் இரண்டு ஸ்டிக்காக இருக்க வேண்டும். 16 ஜிபி வேண்டுமென்றால் எட்டும் எட்டும். தனி நினைவகம் இல்லாத கிராபிக்ஸ் சிப், ராமைத்தான் தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. இரண்டு ஸ்டிக் போட்டால் தகவல் போக இரண்டு பாதை, ஒன்று போட்டால் ஒரே பாதை. கடையில் ‘16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் இன்னொன்று சேர்க்கலாம்’ என்பார்கள். தனிக் கார்டு உள்ள கம்ப்யூட்டருக்கு அது ஏற்கக்கூடிய யோசனை. இதற்கு அல்ல.

ராமின் விலையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025-இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம், கடைகளில் விற்றுவந்த தன் க்ரூசியல் பிராண்டையே கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் ரூபாய்க் கணக்கை அதிகம் எழுதவில்லை; எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். பழைய கம்ப்யூட்டரில் டிடிஆர்4 ராம் இருந்தால் அதைக் காயலான் கடைக்குப் போடாமல் கழற்றி வையுங்கள். டிடிஆர்4 ஏற்கும் மதர்போர்டில் அது அப்படியே உட்காரும். டிடிஆர்3 ஸ்டிக்கின் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், நுழையாது.

கார்டு வேண்டும் என்பவர்களுக்கு முதல் எச்சரிக்கை பெயரைப் பற்றியது. ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2022-இல் வந்தது 8 ஜிபி. 2024-இல் வந்தது 6 ஜிபி. வித்தியாசம் நினைவகத்தில் மட்டும்தான் என்று நினைப்போம்; ஆனால் பிந்தையதில் கணக்குப் போடும் கோர்கள் 2560-இலிருந்து 2304-ஆகக் குறைக்கப்பட்டிருக்கின்றன, நினைவகப் பாதையும் குறுகல். மெதுவான கார்டு. அதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: 70 வாட்தான் எடுக்கும், எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரப் பெட்டியிலிருந்து தனி வயர் கேட்காது. அலுவலகப் பெட்டி ஒன்று கையில் இருந்து, அதில் ஒரு கார்டைச் செருகிச் சமாளிக்க நினைக்கிறவர்களுக்கு அது பொருத்தம். புதிதாகப் பெட்டி கட்டுகிறவர்கள் அதே பணத்துக்குக் கொஞ்சம் மேலே போட்டு ஆர்எக்ஸ் 6600 மாதிரி 8 ஜிபி கார்டைத் தேடலாம். ஃபுல் ஹெச்டி திரைக்கு இன்று நான் 8 ஜிபிக்குக் கீழே இறங்க மாட்டேன். இன்டெல்லின் ஆர்க் பி580 12 ஜிபியோடு வருகிறது, விலைக்கு நல்ல சரக்கு. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அதைப் போட்டால் வேகம் படுத்துவிடும்.

கார்டுக்குக் கூட்டாளிப் பிராசசராகப் போட ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600 போதும். இரண்டிலும் ஆறு கோர். கை இறுக்கமென்றால் நான்கு கோர் ஐ3-12100எஃப். பெயரின் கடைசியில் வரும் எஃப் என்ற எழுத்துக்கு, உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். ‘இப்போது பிராசசர் வாங்கிக்கொள்கிறேன், கார்டு தீபாவளிக்கு’ என்று எஃப் பிராசசரை வாங்கிப் போனால், தீபாவளி வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

இனி, யாரும் பேசாத பாகம்: எஸ்எம்பிஎஸ். மின்சாரத்தை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கேபினெட்டோடு இலவசமாக வருவது, அல்லது எழுநூறு எண்ணூறு ரூபாய்க்குக் கிடைப்பது, பக்கவாட்டில் ‘450 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். கைப்பேசி வெளிச்சத்தில் அதைப் படியுங்கள். பிராசசரும் கார்டும் எடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட் மின்சாரம். அந்தக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 216 வாட். மீதி எல்லாம் கார்டுக்குப் பயன்படாத வோல்ட்டில் எழுதப்பட்ட வாட். ஆர்எக்ஸ் 6600 ஒன்றே 132 வாட் வரை எடுக்கும். நல்ல கம்பெனியின் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இதே இடத்தில் 36 ஆம்பியர் அளவில் இருக்கும். 80 பிளஸ் என்ற முத்திரை, மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று. தரத்துக்கு முழு உத்தரவாதம் இல்லை என்றாலும் அது இல்லாததை வாங்க வேண்டாம். வண்ண விளக்கு மின்விசிறிகளுக்குப் போகும் இரண்டாயிரத்தை இங்கே திருப்பிவிட்டால், ஒரு மே மாத மதியத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது கார்டும் மதர்போர்டும் பிழைக்கும்.

யுபிஎஸ்ஸிலும் இதே மாதிரி ஒரு எண் விளையாட்டு உண்டு. 600 விஏ என்பது 600 வாட் இல்லை; பொதுவாக 360 வாட். எளிய பெட்டிக்கு அது போதும். கார்டு உள்ள பெட்டிக்கு 1000 விஏ பக்கம் போவது நிம்மதி. மின்வெட்டில் விளையாட்டைத் தொடர்வதற்காக அல்ல, ஒழுங்காக அணைப்பதற்காக.

பழைய சாமான் வாங்கலாமா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாதி வியாபாரம் அதுதான். நல்ல பொருளும் கிடைக்கிறது, ஏமாற்றும் நடக்கிறது. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் தோண்டுவதற்காக இராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அப்படி ஓடியது என்பதாலேயே ஒரு கார்டு கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. மின்விசிறி தேய்ந்திருக்கலாம், நினைவகச் சிப்கள் சூட்டில் வதங்கியிருக்கலாம். எனவே கடையிலேயே கம்ப்யூட்டரில் பொருத்தச் சொல்லி, ஒரு கனமான கேமை இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டிக்காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். ஜிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருள், பழைய சிப்புக்குப் புதிய பெயர் சூட்டியிருந்தால் பெரும்பாலும் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். ‘ஆர்எக்ஸ் 580 8 ஜிபி’ என்று புத்தம் புதிதாக, வாயில் பெயர் நுழையாத கம்பெனிகளிடமிருந்து இணையத்தில் வருகிறதே, அதில் பல 2048 கோர் உள்ள குறைந்த வகை. அசல் ஆர்எக்ஸ் 580-இல் 2304. இந்தக் கார்டில், ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதியே இல்லாததால், அதைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய கேம்கள் சில திறக்கவே திறக்காது.

எஸ்எஸ்டி, மானிட்டர், எஸ்எம்பிஎஸ் மூன்றையும் நான் புதிதாகவே வாங்கச் சொல்வேன். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் சீரியல் எண்ணும் தனித்தனியாக இருக்கட்டும். ‘கேமிங் பிசி, 1’ என்று ஒரே வரியில் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு ஒரு பாகத்துக்கு மட்டும் வாரன்டி கேட்கப் போனால் அலைச்சல்தான்.

லேப்டாப்பைப் பற்றிச் சுருக்கமாக. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது, அடுத்த ஆண்டு விடுதி என்றால் லேப்டாப்பே சரி. இல்லையென்றால் அதே பணத்துக்கு டெஸ்க்டாப் கூடுதல் வேகமும் கூடுதல் ஆயுளும் தரும், பாகம் பாகமாக மாற்றவும் முடியும். லேப்டாப்பில் கார்டின் பெயரை மட்டும் பார்க்கக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 4050 என்ற பெயரிலேயே 35 வாட்டில் ஓடுவதும் உண்டு, 115 வாட்டில் ஓடுவதும் உண்டு. டிஜிபி, அதாவது கார்டு எடுக்கும் வாட், எவ்வளவு என்று கேளுங்கள். ஒல்லியாக, அழகாக இருப்பவை பெரும்பாலும் குறைந்த வாட்டில்தான் ஓடும்.

கேபினெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முன்பக்கம் முழுக் கண்ணாடியா, சல்லடையா என்று மட்டும் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சல்லடை. கேமிங் கீபோர்டு, கேமிங் நாற்காலி எல்லாம் பிறந்தநாள் பரிசுகளாக வரலாம்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளை எங்கே செருகுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். பெட்டியின் பின்புறம் யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்திலும் ஒரு ஹெச்டிஎம்ஐ துளை இருக்கும், அது மதர்போர்டுடையது. கார்டின் துளைகள் அதற்குக் கீழே, படுக்கைவசமாக இருக்கும். மேலே செருகினால், பிராசசருக்குள் கிராபிக்ஸ் இருக்கும் பட்சத்தில் படம் நன்றாகவே வரும், விலை கொடுத்து வாங்கிய கார்டு மட்டும் சும்மா கிடக்கும். அடுத்தது, விநாடிக்கு 144 முறை படத்தை மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தால் விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய்ப் பாருங்கள். பல மானிட்டர்கள் முதல் நாள் 60-இல்தான் நிற்கும். அதைக் கையால் 144-ஆக மாற்ற வேண்டும். பிறகு டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம். 3200 வேகம் என்று வாங்கிய ராம் அங்கே 2133 அல்லது 2400 என்று காட்டினால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி என்ற ஒரு சுவிட்ச் போடப்படவில்லை. அசெம்பிள் செய்த கடையிலேயே அதைப் போட்டுத் தரச் சொல்லலாம்; பிள்ளையிடம் விட்டால் ஒரு வீடியோவைப் பார்த்து அதுவே போட்டுவிடும்.